பயிர்ப் பகைவரைப் பெயரோடு அறிவோம்

பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்த தமிழர் எங்கே குடியேறினும், கால் ஊன்றிய சில ஆண்டுகளில் மண்ணில் ஏதேனும் நட்டுவிடுவர். பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்துச் சிற்றூர்களில் வாழும் நம் குடும்பங்களும் அத்தகையனவே. அலுவலகத்தில் பணிபுரிவோரும், கடை வைத்திருப்போரும், தறியில் அமர்வோரும் வீட்டைச் சூழ்ந்த சிறு நிலத்தில் நான்கு தென்னையும், சில ஏத்தன் வாழையும், ஒரு பாகற்பந்தலும் வைத்துக் காத்து வருகின்றனர். மாதச் சம்பளம் எட்டாத இடத்தை இச்சிறு தோட்டம் எட்டுகிறது. ஆதலின் அதற்கு வரும் கேடு அடுக்களைக்கு வரும் கேடேயாம். நாம் வேளாண்மைக் கல்லூரியில் பயின்றவரல்லோம்; பள்ளியிறுதி வரை படித்துப் புகைவண்டி நிலையத்தில் எழுத்தராயிருப்பவர். எனினும் கண்டும், கேட்டும், படித்தும் தெளிந்த சிலவற்றை நம் இல்லத்தார்க்குச் சொல்லுதல் கடன் எனக் கருதி எழுதுகிறோம்.

இவ்வட்டாரத்தில் வாழ்வோர்க்கு ஒரு தனித் தொல்லை உண்டு. 1956 நவம்பர் முதல் நாளன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. களியக்காவிளையைத் தாண்டினால் ஆட்சிமொழி மாறிவிடுகிறது. வண்டுக்கோ எல்லை இல்லை. ஆனால் அதன் பெயருக்கு எல்லை உண்டு. அப்பெயர் தெரியாமையால் ஒரு மரம் மடிந்ததை நாம் நேரில் கண்டோம்.

நம் அண்டை வீட்டு அம்மையார் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்தவர். கணவரை இழந்தபின் ஐந்து தென்னைகளின் காயை நம்பியே பெரும்பாலும் காலம் கழிப்பவர். பத்தாண்டுத் தென்னை ஒன்றின் உட்குருத்து மஞ்சளித்தது. “வண்டு விழுந்துவிட்டது” என்று கடையில் கூறி, அவர்கள் கொடுத்த மருந்தைக் கொண்டையில் ஊற்றச் செய்தார். மரம் தேறவில்லை. பின்னர் அவருடன் நாமும் கிருஷி பவனுக்குச் சென்றோம். அங்கிருந்த அலுவலர் அன்போடு கேட்ட முதற் கேள்வி, “கொம்பன் செல்லியா, செம்பன் செல்லியா, அம்மா?” என்பதே. அம்மையார் நம் முகத்தைப் பார்த்தார். அவர் அறிந்தது வண்டு என்னும் ஒரு சொல்லே. அலுவலர் வந்து பார்த்தபொழுது அடிமரத்தில் துளைகள் இருந்தன. செந்நிறச் சாறு வடிந்து காய்ந்திருந்தது. மரத்தில் காதை வைத்தால் உள்ளே நறுநறுவென மெல்லும் ஒலி கேட்டது. மேலே ஊற்றிய மருந்து கீழே இருந்த பகையைத் தொடவேயில்லை. அம்மரம் கொண்டை சாய்ந்து வீழ்ந்தது. அடுத்த மரத்தில் நோய் தொடக்க நிலையில் இருந்தமையின் அது பிழைத்தது.

அவ்விரு வண்டுகளையும் வேறுபடுத்தி அறிவது அரிதன்று. கொம்பன் செல்லி என மலையாளத்தார் கூறுவது நம் காண்டாமிருக வண்டு. கருநிறமும் தலையில் ஒரு கொம்பும் உடையது. விரியாத குருத்தைத் துளைத்து உண்ணும். அக்குருத்து ஓலையாக விரியும்பொழுது, கத்தரியால் வெட்டினாற்போல் ஒழுங்கான வெட்டுகள் தோன்றும். இது முட்டையிடுவது மரத்திலன்று. எருக்குழியிலும் மட்கிய கட்டையிலும் ஆகும். அங்கே வளைந்து கிடக்கும் வெண்புழுவே இதன் குஞ்சு. ஆதலின் எருக்குழியைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்கி அழித்தலே முதல் மருந்து. பெருவலம் என்னும் செடியை வேரோடு பிடுங்கி எருவில் சேர்த்தாலும் புழுக்கள் வளராமற் போகும். இளங்கன்றுகளின் உட்புற மட்டை இடுக்குகள் மூன்றில் அந்துருண்டையை வைத்து மணலால் மூடி, 45 நாட்களுக்கு ஒருமுறை மாற்றுவதும் நன்று.

செம்பன் செல்லி என்பது சிவப்புக் கூன்வண்டு. நீண்டு வளைந்த மூக்கும் செம்பழுப்பு நிறமும் உடையது. ஐந்து முதல் இருபது ஆண்டு வரையுள்ள மரங்களையே இது மிகுதியும் நாடும். புண்பட்ட இடத்தில் முட்டையிடும். புழு தண்டுக்குள்ளேயே இருந்து தின்னும். கொம்பன் செய்த புண்ணும் இதற்கு வாயிலாகும். ஏறுவதற்கு மரத்தில் படி வெட்டுவதும், பச்சை மட்டையை அடியோடு அரிவதும் இதனை நாமே விருந்துக்கு அழைத்தல் போலாம். மட்டையை வெட்ட நேரின் ஏறத்தாழ நான்கடி அடிக்காம்பை விட்டு வெட்டுக. நோய் கண்டால் கீழ்த்துளைகளை அடைத்து, மேல்துளை வழியே அலுவலர் கூறும் மருந்தை அவர் கூறும் அளவில் ஊற்றுக. இவ்வண்டும் நம்மைப்போல் கடல் கடந்ததே. தென்னாசியாவைத் தாயகமாகக் கொண்ட இது 1980களில் வளைகுடா நாடுகளை அடைந்து, அங்குள்ள பேரீச்ச மரங்களுக்குப் பெரும்பகையாயிற்று.

வேற்று நாட்டிலிருந்து நம்மிடம் வந்தவையும் உள. நடு அமெரிக்காவைச் சேர்ந்த சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதன்முதல் 2016இல் பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னைகளில் காணப்பட்டுக் கேரளத்திற்கும் பரவியது. ஓலையின் அடிப்புறத்தில் வெண்மெழுகுச் சுருள்களாக முட்டைகள் தெரியும். ஈ கழிக்கும் இனிய நீர் கீழோலைகளில் படிய, அதன்மேல் கரும்பூசணம் படரும். ஓலை கறுத்ததைக் கண்டு மரம் செத்தது என நடுங்க வேண்டா. நஞ்சையும் தெளிக்க வேண்டா. என்கார்சியா என்னும் நுண்குளவி இந்த ஈயை அழிக்கிறது. நஞ்சு தெளித்தால் முதலில் மடிவது அக்குளவியே. தண்ணீரை விசையுடன் அடித்துக் கழுவுதல் போதிய உதவி.

காயில் வரும் மண்டரி பூச்சியே அன்று. நாற்காற் சிலந்தி இனத்து நுண்ணுயிர். 1998இல் எர்ணாகுளம் மாவட்டத்தில் முதன்முதல் இந்நாட்டில் கண்டறியப்பட்டது. கண்ணுக்குப் புலனாகாது, அடையாளமே புலனாகும். குரும்பையின் தொப்பிக்குக் கீழே வெளிறிய முக்கோணம் தோன்றிப் பின் பழுப்பாகி வெடிக்கும். காய் சிறுத்துக் கோணும். வேப்பெண்ணெய், பூண்டு, சவர்க்காரம் சேர்ந்த கரைசலை இளங்குலைகளில் தெளிப்பர்.

இனி வாழைக்கு வருவோம். ஏத்தன் நட்டு ஐந்து திங்கள் ஆனபின் தண்டில் ஊசித்துளைகளும், பிசின்போல் ஒழுகும் சாறும் தோன்றினால் அது தண்டுக் கூன்வண்டு. இவ்வூரார் பிண்டிப்புழு என்பர். தார் ஈன்ற மரம் பாரந்தாங்காது நடுவில் முறிவது இதனாலேயே. காய்ந்த சருகு மட்டைகளை உரித்தெடுத்துத் தண்டைத் தூய்மையாக வைத்தால் வண்டு ஒளிய இடமில்லை. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்திலுள்ள கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் மரவள்ளி இலையிலிருந்தே ‘நன்மை’, ‘மேன்மை’ என்னும் பொருள்பட மலையாளப் பெயரிட்ட மருந்துகளை இதற்கென ஆக்கியுள்ளது. கிழங்கைக் குடைவது மாணப்புழு. கன்றை நடுமுன் கிழங்கின் புறத்தைச் சீவி, சாணமும் சாம்பலும் கரைத்த நீரில் தோய்த்து, மூன்று நான்கு நாள் உலர்த்தி நடுவது பழைய முறை. இன்றும் ஏற்ற முறை.

பாகலும் புடலும் பிஞ்சிலே கோணிப் பழுத்து உதிர்ந்தால் காய்க்குள் புழுவைக் காணலாம். இது காயீச்ச எனப்படும் பழ ஈயின் வேலை. உதிர்ந்த காயை வேலிக்கு வெளியே எறிதல் பகையை வளர்ப்பதாகும். ஆழப் புதைத்தல் வேண்டும்.

பெயரறியாது நஞ்சிடுதல் பொருளிழப்போடு நில்லாது. இம்மாநிலத்தின் வடகோடியில், காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில், தேயிலைக் கொசு என்னும் பூச்சிக்காக 1970களின் பிற்பகுதி முதல் 2000 வரை வானூர்தியிலிருந்து எண்டோசல்பான் தெளித்தனர். அச்சிற்றூர்களில் பலர் நோயுற்றனர். குழந்தைகள் குறைபாட்டோடு பிறந்தனர். 2011இல் உச்ச நீதிமன்றம் அந்நஞ்சை நாடு முழுவதும் தடை செய்தது. பூச்சியைக் கொல்லும் பொருள் எதுவும் நம் கிணற்றுக்கும் மக்களுக்கும் அயலானதன்று.

ஆதலின் அன்பர்களே, கேட்டைக் கண்டவுடன் கடைக்கு ஓடாதீர்கள். இலை தின்னப்பட்டதா, உறிஞ்சப்பட்டதா, தண்டு துளைக்கப்பட்டதா என முதலில் நோக்குங்கள். கடித்துத் தின்னும் பூச்சி ஓட்டையிடும். உறிஞ்சும் பூச்சி நிறத்தை மாற்றும். துளைப்பது சாறும் சக்கையும் வெளித்தள்ளும். தாக்குண்ட இலையையோ காயையோ ஓர் உறையிலிட்டுக் கிருஷி பவனுக்கு எடுத்துச் செல்லுங்கள். 1987 முதல் ஊராட்சிதோறும் அவை நமக்காகவே இருக்கின்றன. பள்ளியில் மலையாளம் படிக்கும் பிள்ளைகள் உடன் வரட்டும். பாட்டியிடம் தமிழ்ப் பெயரையும் அலுவலரிடம் மலையாளப் பெயரையும் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எதிரெதிரே எழுதட்டும். அண்டை வீட்டு அம்மையாரின் பேத்தி அத்தகைய ஏடு ஒன்றைத் தொடங்கிவிட்டாள். எஞ்சிய நான்கு தென்னைகளையும் ஞாயிறுதோறும் அவளே சுற்றிப் பார்க்கிறாள்.