அண்டா

வேகவைத்த முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, நாலு வயதுப் பையனுக்குக் கொடுக்காமல் நின்றிருக்கிறேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. எங்கள் அங்கன்வாடியில் பிள்ளைக்கு வாரம் 3 முட்டை. அந்த மூன்று நாளும், வாரக்கணக்கில்.

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கும் லைன் வீடுகளுக்கும் நடுவே எங்கள் மையம். அவனுடைய அப்பா அம்மா ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். சேர்ந்த முதல் வாரம் முட்டையைக் கண்டதும் முகம் மலர்ந்து "அண்டா" என்றான். மற்ற பிள்ளைகள் அடுப்படியில் இருந்த சோற்று அண்டாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒடியாவில் முட்டைக்கு அண்டா என்றுதான் பேர், இந்தியிலும் அப்படித்தான். அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, "அண்டா இல்ல சாமி, முட்டை. முட்டைன்னு சொல்லு, தர்றேன்" என்று கையை மேலே தூக்கிப் பிடித்தேன்.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975-ல் தொடங்கியது. அதன் 6 சேவைகளில் ஊட்டச்சத்து ஒன்று, முன்பருவக் கல்வி இன்னொன்று. பயிற்சியில் இதை மனப்பாடமாக ஒப்பித்தவள் நான். அந்தப் பிள்ளையிடம் ஒன்றைக் காட்டி மற்றொன்றைப் பிடுங்கப் பார்த்தேன்.

சில வாரம் கழித்து "முட்டை" என்றான். அதற்குப் பிறகு வேறு எதுவும் பேசவில்லை. தாகம் எடுத்தால் குடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். ஒன்றுக்கு வந்தால் என்னிடம் சொல்லாமல் கால்சட்டையிலேயே போய்விட்டு, மூலையில் சுவரைப் பார்த்து நிற்பான். நாலு மாதம் இப்படியே போனது. பதிவேட்டில் என் கைப்பட எழுதினேன்: பேச்சு வரவில்லை, எண்ணத் தெரியவில்லை.

அதோடு விட்டிருந்தால்கூட இத்தனை உறுத்தாது. அவன் அம்மாவை ஒரு நாள் கூலியை விட்டு வரவழைத்தேன். பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பேச்சுத் துணைக்கு வைத்துக்கொண்டு, "வீட்ல உங்க பாஷை பேசாதீங்க. தமிழே பேசுங்க. அப்பத்தான் இவனுக்குப் பேச்சு வரும்" என்றேன். அவள் தலையை ஆட்டி, "சரிங்க டீச்சர்" என்றாள். எனக்கு நல்லது செய்த திருப்தி.

பள்ளிப் பிள்ளைகளையும் அங்கன்வாடிப் பிள்ளைகளையும் பரிசோதிக்கும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் 2013-ல் வந்தது. வளர்ச்சித் தாமதம் இருக்கிறதா என்றும் அதன் மருத்துவக் குழு பார்க்கும். அவர்கள் வந்தபோது இவனை முன்னால் நிறுத்தினேன். டாக்டரம்மா கேட்டது ஒரே கேள்வி: "வீட்ல பேசறானா?" எனக்குப் பதில் தெரியவில்லை. நாலு மாதத்தில் ஒரு தடவைகூட நான் அதைக் கேட்டிருக்கவில்லை.

அன்று சாயங்காலமே அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து காலி நூல் கோன்களை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றின் தலையிலும் விரலை வைத்து, "ஏக, துயி, தினி, சாரி" என்று பத்தையும் தாண்டிப் போனான். ஒன்றையும் விடவில்லை, எதையும் இரண்டு தடவை தொடவில்லை. எண்ணத் தெரியாதவன் என்று நான் எழுதி வைத்த பிள்ளை. மூன்று என்றால் எத்தனை என்பதை ஒரு மொழியில் அறிந்துகொண்ட பிள்ளை, அடுத்த மொழியில் அதற்கு ஒரு பேரைத் தெரிந்துகொண்டால் போதும். இது தெரியாமலா இத்தனை வருஷம் பிள்ளைகளோடு இருந்தேன்?

உள்ளேயிருந்து அவன் அம்மா வந்து, "வா. சாப்பிடு" என்றாள். அவ்வளவுதான். பிள்ளையிடம் பேச அவளிடம் இருந்த தமிழ் வா, போ, சாப்பிடு, தூங்கு. என் சொல்லை அப்படியே கேட்டிருந்தாள். முன்பெல்லாம் ராத்திரியில் அவனைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு வெகுநேரம் கதை சொல்லிக்கொண்டிருப்பாளாம். நான் சொன்ன நாளிலிருந்து அதுவும் நின்றுபோனது என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். அவன் தன் மொழியை நூல் கோன்களிடம்தான் பேசிக்கொண்டிருந்தான்.

அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். புது மொழிக்குள் வந்து விழும் சிறு பிள்ளை சில காலம் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருக்கும், அது நோயில்லை. பேட்டன் டேபர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1997-லேயே இதைப் புத்தகமாக எழுதியிருக்கிறார். புத்தகம்கூட வேண்டியதில்லை. எனக்கு வேண்டியிருந்தது பத்து வீடு தள்ளி இருந்த அவன் வீட்டுக்கு நடந்த அந்த நடைதான்.

அவன் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் சங்கடப்பட்டு எனக்கு டீ போட எழுந்தாள். "உங்க பாஷையிலேயே பேசுங்க, கதை சொல்லுங்க" என்று மூன்று தடவை சொன்னேன். டீச்சர் ஏன் இப்படி மாற்றி மாற்றிச் சொல்கிறாள் என்று அவள் குழம்பியது முகத்தில் தெரிந்தது.

அடுத்த முட்டை நாளன்று அவன் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, முட்டையை முதலில் அவன் தட்டில் வைத்தேன். வைத்துவிட்டு, "அண்டா" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். பக்கத்தில் இருந்த பிள்ளைகளைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி, "முட்டை" என்றான்.