மாமல்லபுரத்தில் துரத்திய பச்சைக் கட்டம் சட்டை!

எனக்குச் செவ்வாய்க்கிழமை வீக் ஆஃப். திங்கள் ராத்திரி பெங்களூரிலிருந்து தோழி போன் செய்தாள். டிப்ளமோ படித்தபோது என் பக்கத்து பெஞ்ச். "பஸ் ஏறிட்டேன்டி. நாளைக்கு எங்கேயாவது கூட்டிட்டுப் போ" என்றாள். வேலை நாளில் எப்படி லீவு கிடைத்தது என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. மாமல்லபுரம் என்று முடிவானது.

ஈ.சி.ஆரில் பஸ் போய்க்கொண்டிருந்தபோது, "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். அந்த நேரம் பார்த்து ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில், நான் போட்ட தலைப்பில் எழுத்துப்பிழை என்று மெசேஜ். டிஜிட்டல் டெஸ்க்கில் இருப்பவர்களுக்கு வீக் ஆஃப் என்பது காலுக்கு மட்டும்தான், கைக்குக் கிடையாது. பதில் போட்டு நிமிர்ந்தபோது கோவளம் தாண்டியிருந்தது.

முதலில் வெண்ணெய் உருண்டைப் பாறை. சரிவில் எந்த நிமிடமும் உருண்டுவிடும்போல நிற்கிற, 20 அடி உயரப் பாறை. அதைக் கையால் தாங்குவதுபோலப் போட்டோ எடுக்காமல் யாரும் திரும்புவதில்லை. நாங்கள் இடம் பார்த்துக்கொண்டிருந்தபோது பச்சைக் கட்டம் போட்ட சட்டையில் ஒரு மாமா, மனைவி, இரண்டு பிள்ளைகள். "தாயி, ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க. பாறையை நான் தூக்குற மாதிரி வரணும்." மூன்று முறை எடுத்தோம். மூன்றிலும் பாறை அவர் தலையில் உட்கார்ந்திருந்தது. அவருக்கு ரொம்பத் திருப்தி.

அங்கிருந்து நடந்தால் அர்ச்சுனன் தபசு. 7-ம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பிகள், 90 அடிக்கு மேல் நீளமான பாறையில் தேவர், நாகர், யானை, மான் என்று ஓர் உலகத்தையே செதுக்கியிருக்கிறார்கள். ஒற்றைக்காலில் தவம் செய்பவர் அர்ச்சுனனா, கங்கையைக் கொண்டுவந்த பகீரதனா என்ற விவாதம் இன்னும் ஓடுகிறது. எனக்குப் பிடித்தது அதெல்லாம் இல்லை. யானையின் காலடியில் இருக்கும் பூனை. அது இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்ய, சுற்றிலும் எலிகள் பயமில்லாமல் திரிகின்றன. முனிவரைப் பார்த்துக் காப்பியடிக்கும் போலிச் சாமியார் பூனை! பெரிய சிற்பத்துக்கு நடுவே இப்படி ஒரு குசும்பைச் செதுக்கிய ஆளைப் பார்த்துக் கைகுலுக்க வேண்டும்போல இருக்கும்.

அதை அவளுக்குக் காட்டிவிட்டு டீக்கடைக்குப் போனோம். அங்கே ஒரு நிஜப் பூனை, பின்னங்கால்களில் எழுந்து நின்று, முன்னங்கால்களை மேலே நீட்டி, பால் பாத்திரத்தைப் பார்த்துத் தவம் செய்துகொண்டிருந்தது. டீ சிந்தச் சிந்தச் சிரித்தோம். பக்கத்துக் கிருஷ்ண மண்டபத்தில் பால் கறக்கும் சிற்பம் இருக்கிறது, கல்லில் பசு தன் கன்றை நக்கிக்கொண்டிருக்கும். பார்த்துவிட்டு வெளியே வந்தால், ரோட்டோரம் ஒரு பசு அதே கோலத்தில் கன்றை நக்குகிறது.

"சரி, ஏதோ சொல்லணும்னியே?" என்றேன்.

அவள் வாயைத் திறந்தாள். "தாயி, இங்கனயும் ஒரு போட்டோ!" பச்சைக் கட்டம் சட்டை.

ஐந்து ரதத்திலும் அவர்களே. ஒரே பாறைத்தொடரை மேலிருந்து குடைந்து செதுக்கிய கோயில்கள் இவை. பாண்டவர் பெயர் எப்படியோ ஒட்டிக்கொண்டது, மற்றபடி மகாபாரதத்துக்குச் சம்பந்தமில்லை. கூரை வீடு மாதிரி இருக்கும் திரௌபதி ரதம்தான் சின்னது, அழகும் அதுதான். எங்களுக்கு முன்பே மாமா குடும்பம் கல் யானைக்குப் பக்கத்தில் நின்றிருந்தது. கையாட்டினார்கள். நாங்களும் ஆட்டிவிட்டு நிழலில் உட்கார்ந்தோம். எனக்கு மறுபடி குரூப்பில் ஏதோ மெசேஜ்.

அடுத்தது கடற்கரைக் கோயில். ஐந்து ரதத்தில் வாங்கிய டிக்கெட்டே இங்கும் செல்லும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ராஜசிம்மன் கட்டியது. 2004 சுனாமி மணலை அரித்துக்கொண்டு போனபோது, அதுவரை மூடிக்கிடந்த சில சிற்பங்கள் இந்தக் கரையில் வெளியே தெரிந்தன. அதைச் சொல்லிக்கொண்டே திரும்பினால், பின்னால் மாமா. நான்காவது முறை!

இந்த முறை அவரே விழுந்து விழுந்து சிரித்தார். பையிலிருந்து கடலை மிட்டாய் எடுத்து நீட்டினார். வாயில் போட்டதும் தோழி, "இது எங்க ஊரு மிட்டாயாச்சே!" என்றாள்.

"கோவில்பட்டியா? நாங்களும்தான் தாயி! யார் மக நீ?"

அவள் அப்பாவின் ஸ்டேஷனரிக் கடையைச் சொன்னாள். அவர் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் நோட்டு வாங்குவது அங்கேதானாம். சந்தோஷத்தில் போனைத் திறந்து, "இந்தா பாருங்க, எல்லாப் போட்டோலயும் பின்னால நீங்க ரெண்டு பேரும் இருக்கீக" என்று தள்ளித் தள்ளிக் காட்டினார். வெண்ணெய் உருண்டையில் நாங்கள். தபசில் நாங்கள். ஐந்து ரதத்தில் அவர் பையன் எடுத்த படம்: முன்னால் கல் யானையும் குடும்பமும். பின்னால் நான் குனிந்து போன் பார்க்கிறேன். பக்கத்தில் அவள் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஓர் அடி தூரத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். எனக்குத் தெரியவில்லை.

"அப்பாவுக்கு ஒரு போட்டோ அனுப்பிருதேன்" என்று மாமா தட்டிவிட்டார். அவள் முகம் வெளுத்தது. என்னைத் தள்ளிக்கொண்டு போய், "வேலை போயி ரெண்டு மாசம் ஆச்சுடி. வீட்ல சொல்லல. இன்னைக்கு நான் ஆபீஸ்ல இருக்கேன்னுதான் அப்பா நினைச்சிட்டிருக்காரு" என்றாள். சொல்லி முடிக்கும்முன் அவள் போன் அடித்தது. அப்பா.

கடலைப் பார்த்து நடந்துகொண்டே பேசினாள். நான் என் போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். பத்து நிமிடம் கழித்துக் கண்ணைத் துடைத்தபடி, ஆனால் சிரித்துக்கொண்டு வந்தாள்.

"என்னடி சொன்னாரு?"

"ஊருக்கு வர பஸ்ஸுக்குக் காசு இருக்கான்னு கேட்டாரு."

மாமாவுக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது. சூரியன் இறங்கியபின் நாங்கள் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, புறப்படத் தயாராக இருந்த பஸ்ஸில் ஏறினோம். டிரைவருக்குப் பின் வரிசையில் பச்சைக் கட்டம் சட்டை.

"ஏ தாயி, வாங்க வாங்க!" துண்டைப் போட்டு இரண்டு சீட் பிடித்து வைத்திருந்தார்.