மாமியார் எழுதிய ரிப்பேர் புத்தகம்

மூடிப்போன கம்பெனியின் காரை வைத்துக்கொள்வது, தாய்வீடு இல்லாத பெண்ணை மருமகளாகக் கொண்டுவருவது போலத்தான். ஒரு நோவு வந்தால், "இதன் சுபாவம் இப்படி, இதற்குக் கைவைத்தியம் இது" என்று எடுத்துச் சொல்ல அந்தப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. நாமே பழகித் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

எங்கள் வீட்டில் அப்படி ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் இருக்கிறது. என் மாமனார் 1972-ல் பழைய வண்டியாக வாங்கியது. 1948-ல் தொடங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனிக்கு வண்டலூரில் தொழிற்சாலை இருந்தது. 1961 முதல் அங்கே ஹெரால்ட் தயாராயிற்று. 1980-களின் கடைசியில் கம்பெனி கதவைச் சாத்திவிட்டது.

நல்ல வேளையாக, இந்த வண்டிக்கு இங்கிலாந்தில் ஓர் அக்காள் உண்டு. டிரயம்ப் ஹெரால்ட் என்று பெயர்; 1959 முதல் 1971 வரை அங்கே தயாரானது. இத்தாலியரான மிக்கெலோட்டி உருவம் வரைந்து கொடுத்தார். உடம்பைத் துண்டு துண்டாகச் செய்து அடிச்சட்டத்தின் மேல் போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். முன்பக்கம் முழுவதும் பெட்டி மூடி மாதிரி முன்னால் சாயும். டயரின் மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம்! அக்காளின் ரிப்பேர் புத்தகம் இன்றும் மறுபதிப்பாகக் கிடைக்கிறது. எஞ்சின் சமாசாரம் பெரும்பாலும் தங்கைக்கும் பொருந்தும். சாமான் வேண்டுமென்றால் புதுப்பேட்டையில் ஒரு நாள் அலைய வேண்டும்.

புத்தகம் இருக்கிறது, சாமானும் கிடைக்கிறது. பின் என்ன குறை என்கிறீர்களா? வண்டியின் உடம்பு எப்படி என்று புத்தகம் சொல்லும். நம் ஊரில் அது எப்போது படுத்துக்கொள்ளும் என்று சொல்லாது. இது எனக்கு விளங்கியது கருங்குழியில்.

வள்ளலார் தண்ணீரில் விளக்கெரித்ததாகச் சொல்வார்களே, அந்தக் கருங்குழி வடலூர்ப் பக்கம். இது செங்கற்பட்டுக்குத் தெற்கே, மதுராந்தகத்துக்கு முன்னால் இருப்பது. சித்திரை மாதம். ஏரி காத்த ராமரைச் சேவிக்கக் கிளம்பினோம். செங்கற்பட்டில் ஊர்ந்து ஊர்ந்து வந்து, பாலாறும் படாளமும் தாண்டி, கருங்குழியில் வண்டி நின்றே விட்டது.

பக்கத்துப் பட்டறையிலிருந்து ஓர் இளைஞன் ஓடி வந்தான். எட்டிப் பார்த்தவன், "சார், இந்த வண்டியை நான் பார்த்ததே இல்லை" என்றான். நேர்மையான பையன்.

"போதும் அம்மா, இதை எடைக்குப் போட்டுவிடலாம்" என்றார் என் கணவர்.

அத்தை பதிலே சொல்லவில்லை. பையிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்துப் புரட்டினார். வீட்டுக் கணக்கு நோட்டுத்தான். துவரம் பருப்புக்கும் பால் கணக்குக்கும் நடுவே வண்டியும் இருந்தது. "1978 மே 14. அச்சிறுபாக்கம் தாண்டி நின்றது. கடும் வெயில். மெதுவாக வந்தபின். பெட்ரோல் பம்பில் ஈரத்துணி. அரை மணியில் கிளம்பிற்று. சோடா நான்கு."

"தம்பி, ஒரு துணியை நனைத்துக் கொண்டு வா" என்றார்.

விஷயம் இதுதான். பெட்ரோல் பம்ப் எஞ்சினை ஒட்டியே இருக்கிறது. வெயிலில் ஊர்ந்து வரும்போது காற்றோட்டம் போதாமல் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடுகிறது. திரவத்தைத் தள்ளும் பம்புக்கு ஆவியைத் தள்ளத் தெரியாது. குளிர்ந்தால் சரியாகிவிடும். அரை மணியில் வண்டி உறுமிற்று! அந்தப் பையன் நோட்டின் பக்கத்தைத் தன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டான். "எல்லாப் பக்கமும் எடுத்துக்கட்டுமா பாட்டி?" என்று கேட்டான். எடைக்குப் போடும் பேச்சு அன்றோடு நின்றது.

அந்த நோட்டை ராத்திரி உட்கார்ந்து படித்தேன். அத்தை கார் ஓட்டியதே இல்லை. ஆனால், "என்ன ஆயிற்று?" என்பதோடு, "எப்போது ஆயிற்று?" என்றும் ஒவ்வொரு முறையும் குறித்திருக்கிறார். வைத்தியர் கேட்கிற முதல் கேள்வி அதுதானே?

காலையில் கிளம்ப மறுத்தால், முதலில் பாட்டரி முனைகளைப் பார்க்க வேண்டும். வெள்ளையாகப் பூத்திருந்தால் கழற்றி வெந்நீரில் கழுவித் துடைத்து, மாட்டியபின் வாஸலைன் தடவ வேண்டும். ஓடும்போது விக்கல் எடுத்தால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் 'பாயின்ட்' கருகியிருக்கலாம். தேய்த்துச் சுத்தம் செய்து, திறந்து நிற்கையில் 15 தௌ, அதாவது அங்குலத்தை ஆயிரமாக்கி அதில் 15 பங்கு, இடைவெளி விட வேண்டும். சிவப்பு விளக்கு எரிந்து எஞ்சினும் சூடேறினால் ஃபேன் பெல்ட் அறுந்திருக்கும். டைனமோவையும் தண்ணீர் பம்பையும் சுற்றுவது அந்த ஒரே பெல்ட்தான். உடனே நிறுத்திவிட வேண்டும். கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியை மட்டும் யாரும் திறக்கக்கூடாது.

இவற்றோடு நானும் ஒன்று எழுதிச் சேர்த்தேன். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது. பழைய ரப்பர் குழாய்கள் அதற்குத் தாங்காமல் இளகி வெடித்துவிடும். அவற்றை மாற்றிவிடுவது நல்லது. ஒழுகும் பெட்ரோல் நெருப்புக்குத் தோழன்.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் கார் இல்லாமல் இருக்கலாம். பழைய தையல் மிஷின் இருக்கும். கல் மாற்றி மாற்றி ஓடும் கிரைண்டர் இருக்கும். செய்தவர்கள் கடையைக் கட்டிவிடலாம்; கைராசிக்கார மெக்கானிக்கும் ஒருநாள் ஓய்ந்துவிடுவார். தேதி, என்ன ஆயிற்று, எப்போது ஆயிற்று, எதனால் சரியாயிற்று, என்ன செலவு என்று ஐந்தே வரி எழுதி வையுங்கள்.

"எதற்கு அத்தை இதையெல்லாம் எழுதினீர்கள்?" என்று கேட்டேன். "செலவு செய்து தெரிந்துகொண்டதை மறுபடியும் செலவு செய்தா தெரிந்துகொள்வது?" என்றார்.