ஓடத் தெரிந்த சனம்

போன மாசியில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு தோழர் போன் பண்ணினார். கூட்டங்களில் பழக்கம். சர்க்கரை வந்ததும் டாக்டர் சொல்லி ஓட ஆரம்பித்தவர், இப்போது ஓட்டப் பைத்தியம். "உங்க மூணாறுப் பக்கம் ஓடுறதுக்கு நல்ல பாதையா நாலு சொல்லுங்க தோழர், ரெண்டு நாள் வந்து ஓடிட்டுப் போறேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதை வேண்டுமென்றால் எங்களிடம்தான் கேட்கணும். அந்த மலையில் ஒரு சென்ட் நிலம் கிடையாது எங்களுக்கு. ஆனால் எந்த மட்டத்தில் எந்தக் கல் ஆடும் என்பது தெரியும்.

வாங்க என்றேன். எங்கம்மா இருக்கிற லயத்து வீட்டில்தான் தங்கினோம்.

முதல் பாதை ஊரறிந்தது. மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை, எல்லப்பட்டி என்று பள்ளத்தாக்கோடு போய் டாப் ஸ்டேஷனில் முடிகிற தார் ரோடு, 32 கிலோமீட்டர் சொல்லுவார்கள். முதல் நாள் மூச்சு வாங்கும், 1,500 மீட்டருக்கு மேலே இருக்கிறோம் என்பதை நெஞ்சு சொல்லிவிடும். ஆறு மணிக்குக் கிளம்பினால் ஜீப்புகள் வருவதற்குள் குண்டளை அணையைத் தொட்டுவிடலாம். வழியில் யானை நின்றால் ஓட்டத்தை விட்டுவிட்டு நிற்கிறதுதான் புத்தி. படையப்பா என்று பெயர் வைத்த கொம்பன் ஒருத்தன் உண்டு, அவனுக்கு ரோடு போட்டது யாரென்ற விசாரமெல்லாம் கிடையாது.

ஓடிக்கொண்டே தோழருக்குக் கதை சொன்னேன். இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் ரயில் ஓடியது. 1902இல் மாடு இழுக்கிற ஒற்றைத் தண்டவாள வண்டி, 1908இலிருந்து குட்டி ரயில். 1924 வெள்ளம் எல்லாத்தையும் வாரிக்கொண்டு போனது. ரயில் நின்ற உச்சி என்பதால் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து தேயிலைப் பெட்டி கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கி, போடி போய்ச் சேரும். பெட்டிக்குக் கம்பி இருந்தது. ஆளுக்கு? எங்க தாத்தாவின் அப்பா சங்கரன்கோவில் பக்கத்து ஊரிலிருந்து கங்காணி பின்னால் வந்தவர். போடி, குரங்கணி வழியாக அதே மலையைக் காலால் ஏறினார். ஊரில் மேலத்தெரு வழியாகச் செருப்புப் போட்டு நடக்க முடியாத மனுசன். ஏறினபோதும் காலில் ஒன்றும் இல்லையாம்.

அந்த ஏற்றத்தில் ஓடிப் பார்க்கலாமா என்றார் தோழர். 2018 மார்ச் 11ஆம் தேதி குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன 20 பேருக்கு மேல் செத்த பிறகு, அனுமதி இல்லாமல் அங்கே காலெடுத்து வைக்க முடியாது. எங்க சனம் பொண்டு பிள்ளையோடு அரிசி மூட்டை சுமந்து ஏறின பாதை அது. அனுமதி கேட்டு ஏறினதில்லை. கூட்டிக்கொண்டு வந்தவனுக்கு ஆள் தேவைப்பட்டது.

இரண்டாவது பாதை எந்தப் படத்திலும் இருக்காது. லயத்திலிருந்து பெரட்டுக்களம், அங்கிருந்து நெரை, நெரையிலிருந்து கொழுந்து நிறுக்கிற இடம். சங்கு ஊதினால் ஓடணும். பெரட்டுக்குப் பிந்தினால் அன்றைக்குப் பேர் விழாது. நிறுவைக்குப் பிந்தினால் வரிசையில் கடைசி, அதற்குள் அடுத்த நெரை போய்விடும். மழையில் நனைந்த கொழுந்து முப்பது கிலோவைத் தலையில் வைத்துக்கொண்டு, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, கவாத்து வெட்டின கட்டைகள் காலைக் கிழிக்க இறக்கத்தில் இறங்குவார்கள். நான் நாலாவது படிக்கும்போது எங்கம்மா அப்படி இறங்கித்தான் விழுந்தாள். இடது மணிக்கட்டு கோணலாகவே கூடிக்கொண்டது. எட்டாம் நாள் வேலைக்குப் போய்விட்டாள்.

தோழரை அந்தப் பாதையில் கூட்டிப்போனேன். பத்தாயிரம் ரூபாய் ஷூ. இரண்டு முறை வழுக்கி உட்கார்ந்தார். மேலே நெரையில் நின்ற எங்கம்மா பார்த்துவிட்டுச் சத்தம் போட்டாள்: "தம்பி, குதிங்கால ஊனாதீக. வெரல ஊனி, முழங்கால லேசா மடக்கி இறங்குங்க. ஒடம்பு பின்னால சாயக் கூடாது." தோழர் நின்றுவிட்டார். இதைக் கற்றுக்கொள்ள நகரத்தில் காசு கட்டிப் போனாராம். அங்கேயும் இதையேதான் சொன்னார்களாம்.

மூன்றாவது, நாங்கள் பள்ளிக்கூடம் போன குறுக்குப் பாதை. தேயிலைக்குள் நுழைந்து, ஓடை தாண்டி, யூகலிப்டஸ் காட்டோரமாக ஏறணும். ஆனி ஆடியில் அட்டை. சுண்ணாம்பும் புகையிலையும் குழைத்துத் தடவிவிடுவாள் எங்கம்மா, அப்படியும் வகுப்பில் உட்கார்ந்த பிறகுதான் சட்டையில் ரத்தம் தெரியும். பிற்பாடு மதுரையில் எம்.ஏ. தமிழ் சேர்ந்தபோது குறிஞ்சித் திணை நடத்தினார்கள். மலையும் மலை சார்ந்த இடமும், அதற்கு ஒழுக்கம் புணர்தல். அருவி வந்தது, வேங்கை வந்தது, தினைப்புனம் காக்கிறவள் வந்தாள். அட்டை வரவே இல்லை. எங்க எஸ்டேட்டுகளின் பேர் பெரியவரை, செண்டுவரை, சிட்டிவரை. வரை என்றால் மலை என்று வகுப்பில் பொருள் சொன்னபோது எனக்குக் கூலி முடிவான இடமாகத்தான் அது கேட்டது.

நாலாவது பாதையில் தோழரை ஓடவிடவில்லை, வாயால்தான் சொன்னேன். சாதிச் சான்றிதழுக்கு நான் ஓடின பாதை. கேரளத்தில் பட்டியல் சாதிச் சான்றிதழ் வேண்டுமானால் 1950க்கு முன்பே உன் குடும்பம் இங்கே இருந்ததென்று காட்டணும். லயத்துக்காரனிடம் ஏது பட்டா? பேரேட்டில் தாத்தாவின் பேர் இருக்கும், ஆனால் பேரேடு எங்கள் கையில் இல்லை. ஒரு ஆபீஸில் நீ தமிழன் என்றார்கள், மலையிறங்கிப் போனால் இன்னொரு ஆபீஸில் நீ கேரளத்தில் பிறந்தவன் என்றார்கள். பறையன் என்பதை ஊரில் எவனும் கேட்காமலே தெரிந்து வைத்திருந்தான். காகிதத்தில் எழுதத்தான் இரண்டு மாநிலத்திலும் ஆளில்லை. உதவித்தொகை இல்லாமல் எம்.ஏ. முடித்தேன். எங்கம்மாவின் கம்மல் அதில் போனது.

இந்தப் பெண்களை ஓடத்தான் தெரிந்தவர்கள் என்று நினைத்தவர்களுக்கு 2015 செப்டம்பரில் ஒரு பாடம் கிடைத்தது. போனசைக் குறைத்ததும் இறங்கி வந்து மூணாறு ரோட்டில் உட்கார்ந்தார்கள், பெம்பிளை ஒருமை என்று பேர் வந்தது. அன்றைக்கு நாள் கூலி 232 ரூபாய். ஆண்கள் நடத்துகிற சங்கங்களைப் பக்கத்தில் அண்டவிடவில்லை. ஒன்பது நாள். நானும் போயிருந்தேன். எங்கம்மா என்னைப் பார்த்து, "நீ அந்தாண்ட போய் நில்லுய்யா, இது எங்க கூட்டம்" என்றாள். கேட்ட 20 சதவீத போனஸ் வந்தது. கேட்ட 500 ரூபாய் கூலி வரவில்லை, 301 வந்தது.

இரண்டாம் நாள் தோழர் ராஜமலைப் பக்கம் கேட்டார். அழகான பாதை, வரையாடு பார்க்கலாம். அங்கே மட்டும் என் கால் வராது என்றேன். 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி ராத்திரி பெட்டிமுடியில் மலை இறங்கி லயங்களை மூடியது. 70 பேர். கரண்ட் இல்லை, போன் இல்லை. வெளியுலகத்துக்குச் செய்தி வர விடிந்துவிட்டது. தூக்கத்தில் கிடந்தவர்களுக்கு ஓடப் பாதை எதற்கு? அந்தச் சனமெல்லாம் கயத்தாறுப் பக்கத்திலிருந்து மூன்று தலைமுறைக்கு முன் வந்தவர்கள். அடுப்படியில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த எங்கம்மா அப்போது ஒரு வார்த்தையும் பேசவில்லை.

வருகிற ஆடியில் அவளுக்கு 58 முடிகிறது. வேலை முடிந்தால் லயத்து வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுக்கணும். நாலு தலைமுறை வெள்ளையடித்த சுவர். சங்கரன்கோவில் பக்கம் போனால் எங்களைத் தெரிந்தவர் யாரும் இல்லை. மதுரையில் நான் இருக்கிற ஒற்றை அறைக்கு வரச் சொல்கிறேன், "அங்க ஏத்தமும் இல்ல எறக்கமும் இல்ல, எப்பிடிய்யா நடக்கிறது" என்கிறாள். இதுதான் இப்போது என் தலைக்குள் ஓடிக்கொண்டிருப்பது. தோழருக்கு எழுதிக் கொடுத்த பாதைகளைப் பத்திரிகைக்கும் எழுதுகிறேன் என்றால் காரணம் இதுதான்.

கிளம்புகிற அன்று தோழர் தன் கைக்கடிகாரத்தில் விழுந்திருந்த கோட்டைப் போனில் எங்கம்மாவுக்குக் காட்டினார். பச்சைப் பரப்பில் சிவப்பாக ஒரு கோணல் கோடு. லயத்திலிருந்து நிறுவைக்கு 1.6 கிலோமீட்டர் என்று போட்டிருந்தது. "ஒரு தடவைக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றார். ஒரு நாளைக்கு மூன்று நிறுவை, போக வர, நாற்பது வருஷம் என்று தோழர் மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்ததை முகத்தில் பார்த்தேன்.

அதற்குள் சங்கு ஊதிவிட்டது. தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு எங்கம்மா இறங்கி ஓடினாள்.