நடுவிலிருந்து எண்ணுங்கள்

கொல்லங்கோட்டுக் கடைத்தெருவில் மளிகைக்காரர் ஒருவரிடம் அரிசி விலையைத் தமிழில் கேட்டால் தமிழில் சொல்வார். அடுத்து நிற்பவருக்கு அதையே மலையாளத்தில் சொல்வார். பொள்ளாச்சி சாலையில் கோவிந்தாபுரம் தாண்டினால் தமிழ்நாடு. 1956 நவம்பர் 1 அன்று, இந்த ஊர் அடங்கிய சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டம் கேரளத்தோடு சேர்ந்தது. எல்லைக்கோடு விழுந்தபின்னும் இங்கே இரண்டு பேச்சும் ஒரே தெருவில்தான் புழங்குகின்றன. கணக்குச் சொல்லிக் கொடுக்கும் எனக்கு, ஒன்றையொன்று வெட்டும் வட்டங்களாலான வென்படத்தை விளக்க இந்த ஊரைவிட நல்ல உதாரணம் கிடைத்ததில்லை.

பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் கணக்கு இது. ஒரு வகுப்பில் 40 பேர். தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் 24. மலையாளம் வாசிக்கத் தெரிந்தவர்கள் 31. இரண்டுமே வாசிக்கத் தெரியாதவர்கள் 2. இரண்டும் வாசிப்பவர்கள் எத்தனை பேர்?

பாதிப் பேர் உடனே கூட்டிவிடுவார்கள்: 55. யாராவது ஒருவர், "இருக்கிறதே நாப்பது பேரு, எப்படி சார் அம்பத்தஞ்சு?" என்று கேட்பார். அந்தக் கேள்வி வந்துவிட்டால் பாடம் பாதி முடிந்த மாதிரி. கையிலிருக்கும் வளையலைக் கழற்றி நோட்டில் வைத்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறியபடி இரண்டு வட்டம் வரைவார்கள். சுற்றி ஒரு கட்டம். வெளியே நிற்கும் 2 பேரைக் கழித்தால் வட்டங்களுக்குள் 38 பேர். நாம் எண்ணியதோ 55. மிஞ்சிய 17 பேர் இரண்டு தடவை எண்ணப்பட்டவர்கள். இரண்டும் வாசிப்பவர்கள் அவர்கள்தான். நடுவில் 17 என்று எழுதியதும் மற்ற இடங்கள் தாமாக நிரம்பும்: தமிழ் மட்டும் 7, மலையாளம் மட்டும் 14, வெளியே 2. கூட்டினால் 40. இரண்டு வட்டத்திலும் முதலில் 24, 31 என்று எழுதித் தொடங்குகிறவர்களுக்குத்தான் சிக்கல். எப்போதும் நடுவிலிருந்து வெளியே வர வேண்டும்.

வெளியே நிற்பவர்கள் எத்தனை பேர் என்று சொல்லாவிட்டாலும் ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். இருப்பது 40, எண்ணியது 55. ஆகவே குறைந்தது 15 பேருக்காவது இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். 24-க்கு மேல் போகவும் முடியாது. ஒரு பிள்ளையையும் எழுப்பிக் கேட்காமல் இவ்வளவு சொல்ல முடிகிறதே, அதுதான் இந்தக் கணக்கின் அழகு.

நிகழ்தகவுக்கும் இதே படம் போதும். வகுப்பில் குலுக்கல் முறையில் ஒருவரை எடுத்தால், அவர் இரண்டும் வாசிப்பவராக இருக்க நிகழ்தகவு 17/40. தமிழ் வாசிப்பவர்களிலிருந்து மட்டும் எடுத்தால் 17/24. மலையாளம் வாசிப்பவர்களிலிருந்து எடுத்தால் 17/31. மேலே அதே 17 பேர்தான். யாருக்குள் தேடுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. தமிழ் வாசிப்பவரின் பங்கையும் மலையாளம் வாசிப்பவரின் பங்கையும் பெருக்கினால் விடை வந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு 40 பேரில் 18.6 பேர் கிடைப்பார்கள். ஒன்றையொன்று சாராத நிகழ்ச்சிகளுக்குத்தான் அந்தப் பெருக்கல் செல்லும். ஒரே ஊரில் கலந்து வாழ்கிறவர்களின் மொழிகளை அப்படிச் சாராதவை என்று எடுத்த எடுப்பில் வைத்துக்கொள்ளக் கூடாது.

ஜான் வென் 1880-இல் இந்தப் படங்களைப் பற்றி எழுதினார். வட்டம் போட்டுத் தர்க்கத்தை விளக்கும் வழக்கம் அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்னரே கணிதவியலாளர் ஆய்லரிடம் இருந்தது. ஒன்றோடொன்று வெட்டிக்கொள்ளக்கூடிய எல்லா இடங்களையும் முதலிலேயே வரைந்து வைத்துவிட்டு, ஆள் இல்லாத இடத்தை நிழலிட்டுக் காட்டியது வென் செய்த வேலை. மூன்று கணங்களுக்கு 8 பகுதிகள், நான்குக்கு 16. நான்கு வட்டங்களை எப்படி மாற்றிப் போட்டாலும் 14 பகுதிக்கு மேல் வராது. அதனால் அவர் நீள்வட்டங்களை எடுத்துக்கொண்டார். எந்தக் கலப்புக்கும் இடம் விட்டுவிட்டே எண்ணத் தொடங்க வேண்டும் என்ற அந்தக் கவனம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

இந்த ஊரில் இன்னொன்றையும் கற்றுக்கொள்ளலாம். இரண்டு மொழியும் சரளமாகப் பேசி, ஒன்றை மட்டுமே வாசிக்கிறவர்கள் இங்கே நிறைய. 'தெரியும்' என்றால் பேசவா, வாசிக்கவா என்று முடிவு செய்யாமல் வட்டம் போட்டால், ஒரே ஆள் ஒரு படத்தில் நடுவிலும் இன்னொரு படத்தில் ஓரத்திலும் நிற்பார். கணம் நன்கு வரையறுக்கப்பட்டிருக்க வேண்டும் என்று பாடநூல் முதல் பக்கத்திலேயே சொல்வது இதற்காகத்தான்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒருவருக்குத் தாய்மொழி ஒன்றுதான் பதிவாகும். தெரிந்த பிற மொழிகள் இரண்டு வரை தனியாகக் கேட்கப்படும். தாய்மொழிப் பட்டியலை மட்டும் படித்தால் தமிழும் மலையாளமும் தொடாத இரண்டு வட்டங்கள். இரண்டாவது கேள்வியையும் சேர்த்தால்தான் கொல்லங்கோட்டின் உண்மையான படம் கிடைக்கும். பள்ளி, பெயர்ப்பலகை, விண்ணப்பப் படிவம் எது குறித்து முடிவெடுத்தாலும், நடுவில் நிற்பவர்களை இருமுறை எண்ணுவதும் தவறு, ஒரு பக்கமாகத் தள்ளுவதும் தவறு.

ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புத்தகத்தில் இருக்கும் காபி, தேநீர்க் கணக்கு முடிந்ததும் பிள்ளைகளின் சொந்தத் தெருவிலிருந்து ஒரு கணக்குக் கொடுங்கள். அவர்களே கேட்டு, எண்ணி, வரையட்டும். நடுப்பகுதியை முதலில் நிரப்பச் சொல்லுங்கள்; சூத்திரம் மறந்தாலும் அந்தப் பழக்கம் மறக்காது.