முகாமையாளர் நாற்காலி

படமாளிகை முகாமையாளரைச் சனங்கள் இரண்டு வேளைகளில் மாத்திரமே நினைப்பர். இலவசச் சீட்டு வேண்டியிருக்கும்போது ஒன்று. படம் இடையில் அறுந்து கலரியில் விசில் கிளம்பும்போது மற்றொன்று. இடைப்பட்ட நேரமெல்லாம் அம்மனிதர் மின்விசிறியின் கீழ் அமர்ந்து சோடா அருந்துகிறார் என்பதே ஊரார் எண்ணம். அவ்வெண்ணம் ஊராரோடு நின்றிருந்தாற் கேடில்லை. படமாளிகை முதலாளிமாரிடத்தும் அது குடிகொண்டிருந்தமையாலேதான் சம்பளப் பேச்சு என்று வந்தவுடன் எல்லாம் கோணலாய்ப் போயிற்று.

நாம் அவ்வுத்தியோகத்தை நாடியது 1979ஆம் ஆண்டில், யாழ்ப்பாண நகரில். அதற்கு முன் நான்கு ஆண்டுகள் வேறொரு மாளிகையிற் சீட்டு விற்றும் கணக்கெழுதியும் பழகியிருந்தோமாகையால், அந்நாற்காலியின் பாரத்தை அறிந்தே விண்ணப்பித்தோம்.

அப்பாரம் இன்னதென்று சொல்லத்தான் வேண்டும். அந்நாளிற் படமென்பது சுருள்சுருளாக வந்தது. 1,000 அடிச் சுருளொன்று ஏறக்குறைய 11 நிமிடம் ஓடும். இரண்டு இயந்திரங்கள் மாறி மாறி ஓட, ஒப்பரேட்டர் சற்றுக் கண்ணயர்ந்தாற் திரை வெளுத்துவிடும். திரை வெளுத்தாற் சனங்கள் ஒப்பரேட்டரைத் தேடுவதில்லை, முகாமையாளரையே தேடுவர். அஃதாவது சில நிமிடச் சங்கடம். கணக்கோ அன்றாடச் சங்கடம். ஒவ்வொரு காட்சிக்கும், ஒவ்வொரு வகுப்புக்கும் சீட்டுப் புத்தகத்தின் தொடக்க இலக்கத்தையும் முடிவு இலக்கத்தையும் குறித்து, விற்ற சீட்டுக்கும் பெட்டியிலுள்ள பணத்துக்கும் பொருத்தம் பார்த்து, களியாட்ட வரியைப் புறம்பாக்கி, மிகுதியிற் படத்தைத் தந்தவரின் பங்கு இவ்வளவு, மாளிகையின் பங்கு இவ்வளவு என்று பிரித்தல் வேண்டும். 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் தோன்றியபின் இந்தியப் படங்களைத் தருவித்துப் பகிர்ந்தளிப்பது அதன் கையில் இருந்தது. ஆகவே இலக்கமொன்று பிசகினால் முதலாளிக்கு மாத்திரமன்றிக் கொழும்புக்கும் விடை கூறவேண்டும். 9.30 மணிக் காட்சி முடிந்து, கணக்கும் ஒத்துவந்து, சைக்கிளை எடுக்கும்போது நடுநிசி கடந்திருக்கும்.

முதலாளி நல்ல மனிதர். வெற்றிலைத் தட்டத்தை நம் பக்கம் நகர்த்திவிட்டே பேச்சை ஆரம்பித்தார்.

"தம்பி, மனேஜர் எண்டால் ஊருக்குள்ளை ஒரு மதிப்பு. மாசம் 450 ரூபா தாறன். வீட்டுக்காரர் எல்லாரும் படம் சும்மா பாக்கலாம்."

நம் வீட்டில் அப்போது தாயாரும் இரு தங்கையரும் இருந்தனர். தாயார் கோயிற் திருவிழாவுக்கன்றி வேறெதற்கும் வெளிக்கிடாதவர். தங்கையர் மாதம் நான்கு முறை பல்கனியில் இருந்து பார்த்தாலும் அதனைச் சங்கக்கடையிற் கொடுத்து அரிசி வாங்க இயலாது. மதிப்பும் அவ்வாறானதே. நாம் முந்திய இடத்தில் 380 ரூபா பெற்றோம். அங்கே நாளொன்றுக்கு வேலை எட்டு மணி நேரம். இங்கோ காலை 10 மணி முதல் நடுநிசி வரை, 14 மணி நேரம். பழைய விகிதப்படி பார்த்தால் 665 ரூபா வரும். ஆகவே 450 ரூபா என்பது பதவி உயர்வு என்னும் பெயரில் வந்த சம்பளக் குறைப்பேயாம். 15 ரூபாவை அந்த ஊர் மதிப்புக்காகக் கழித்து 650 கேட்டோம். முதலாளி வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

அதனினும் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. பெட்டியிற் காசு குறைந்தால் அது முகாமையாளரின் சம்பளத்திற் பிடிக்கப்படுமாம். சீட்டு விற்பவர் முதலாளியின் மருமகன். பெட்டித் திறப்பும் அவர் இடுப்பிலே. "திறப்பு ஒருவரிட்டையும் குறைவு இன்னொருவரிட்டையும் இருக்கிறது எப்பிடி ஐயா?" என்று வினவினோம். "அது குடும்ப விஷயம், தம்பி" என்றார். நம் சம்பளமும் நம் குடும்ப விஷயந்தான் என்பதைப் பணிவாகச் சொல்லி எழுந்து வந்தோம்.

ஒரு வாரத்தின் பின் ஆளனுப்பி அழைத்தார். இம்முறை தொகை 560. ஆயின் அதில் 300 சம்பளம் என்றும், எஞ்சியது போக்குவரத்துப் படி என்றும் எழுதப் போவதாகச் சொன்னார். காரணம் வாசகர்கள் அறியாததன்று. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி கட்டவேண்டிய பங்கு சம்பளத்தைக் கொண்டே கணிக்கப்படுகிறது. சம்பளம் சிறுத்தாற் கட்டுப்பணமும் சிறுக்கும். இன்று அப்பங்கு நூற்றுக்கு 12, ஊழியருடையது 8. இந்த வித்தையும் இன்றுவரை சாகவில்லை. சுருள்கள் போய், படம் கணினிக் கோப்பாக வந்திறங்கும் இக்காலத்தும், முகாமையாளர் வேலை தேடும் இளைஞர்கள் சம்பளத்தில் எவ்வளவு சம்பளம், எவ்வளவு படி என்று கேட்டறிதல் நன்று. 2025ஆம் ஆண்டுத் திருத்தம் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளத்தை 27,000 ரூபாவாகவும், 2026 சனவரி முதல் 30,000 ரூபாவாகவும் உயர்த்தியது. அஃது எவருக்கும் கீழே போகக்கூடாத எல்லை. பல அரங்குகளின் பொறுப்பைத் தலையிற் சுமப்பவருக்கு அதனையே நீட்டி, "சட்டப்படி தருகிறோம்" என்பார் சொல்லை நியாயமென்று கொள்ளலாகாது.

நாம் 560 ரூபாவுக்கு உடன்பட்டோம். தொகையிற் தொண்ணூறு ரூபா விட்டுக்கொடுத்ததற்குப் பதிலாக, முழுவதும் சம்பளமென்று நியமனக் கடிதத்தில் எழுதப்படவேண்டும், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும், பெட்டித் திறப்பு நம்மிடம் வரவேண்டும் என்று கேட்டோம். முதல் இரண்டும் அன்றே எழுத்தில் வந்தன. திறப்பு மட்டும் வரப் பதினொரு நாள் சென்றது. அதுவரை ஒவ்வொரு காட்சி முடிவிலும் மருமகனாரைப் பக்கத்தில் இருத்திக் காசை எண்ணி, தொகைக்குக் கீழே அவருடைய கையொப்பத்தையும் வாங்கினோம். பன்னிரண்டாம் நாள், கையெழுத்து வைத்தே கை நோகிறது என்று சொல்லி, அவரே திறப்பைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.