சுமப்பவனின் கூலி

தமிழ்நாட்டில் இன்று மது விற்கப்படுவது மதுவிலக்குச் சட்டத்தின் பெயரால்தான். நாம் வேடிக்கை பேசுவதாக எவரும் எண்ண வேண்டாம். 1937 ஆம் ஆண்டில், ராஜாஜி சென்னை மாகாண அரசின் தலைமையை ஏற்றிருந்தபோது இயற்றப்பட்ட அந்தச் சட்டம் இன்றளவும் உயிரோடு இருக்கின்றது. மதுவை இறக்குமதி செய்வதும், ஏற்றுமதி செய்வதும், ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு செல்வதும், வைத்திருப்பதும் குற்றம் என்று அதன் நான்காம் பிரிவு கூறுகின்றது. பின்னாளில் வந்த விதிகளும் உரிமங்களும் அனுமதிச் சீட்டுகளும் அந்தத் தடையிலிருந்து அளிக்கப்பட்ட விலக்குகளேயன்றி வேறல்ல. தடைதான் மூலம், சீட்டு என்பது சலுகை.

மதரஸாவில் உஸூலுல் ஃபிக்ஹு ஓதியவர்களுக்கு இந்த அமைப்பு புதிதன்று. மூலச் சட்டத்தை 'அஸீமத்' என்போம். இடர்ப்பாடு கருதி அதில் அளிக்கப்படும் தளர்வை 'ருக்ஸத்' என்போம். பயணி தொழுகையைச் சுருக்கிக்கொள்வதும், நோயாளி நோன்பைப் பின்னொரு நாளுக்குத் தள்ளிவைப்பதும் ருக்ஸத்துகளே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மார்க்கத்தில் ருக்ஸத் பிறப்பது அடியானின் இடரை நோக்கி. மதுவின் காரியத்திலோ அது கருவூலத்தின் இடரை நோக்கிப் பிறந்தது. 2023-24 ஆம் ஆண்டில் மட்டும் மதுவால் தமிழக அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். இத்தொகையை விட்டுவிட எந்த ஆட்சிக்கும் மனம் துணிவதில்லை.

துணிந்த காலமும் ஒன்று இருந்தது. அதில் நம் பகுதிக்கு ஒரு பங்கும் உண்டு. நெமிலி 2019 முதல் இராணிப்பேட்டை மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும், முன்னர் வட ஆர்க்காட்டில் அடங்கியிருந்தது. 1937 அக்டோபரில் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1938-ல் சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கும், 1939-ல் வட ஆர்க்காட்டுக்கும் வந்தது. கள், சாராயக் கடைகள் மூடப்பட்டதால் நேர்ந்த வருவாய்க் குறையை நிரப்புவதற்கென்று வந்ததே 1939 ஆம் ஆண்டின் பொது விற்பனை வரிச் சட்டம். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் தோல் வணிகர்கள் கட்டிய விற்பனை வரியின் வேரைத் தோண்டினால், அங்கே ஒரு மூடப்பட்ட கள்ளுக்கடை தென்படும். தோலின் மீது அவ்வரி எந்நிலையில் விழவேண்டும் என்னும் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வெளிமாநிலத்தில் பதனிட்டு இங்கே கொண்டுவரப்பட்ட தோலுக்கு மிகுதியான சுமை ஏற்றிய விதி செல்லாது என்று, 1962-ல் மேத்தாப் மஜீத் நிறுவனத்தின் வழக்கில் தீர்ப்பாயிற்று. வரியின் அளவைப் பற்றி நம்மவர் வழக்காடியது நியாயமே. குடியை நிறுத்துவதற்கான விலையில் குடிக்காத சமுதாயமும் தன் பங்கைக் கட்டியது என்பதும் உண்மையே.

எஞ்சிய வரலாறு வாசகர்கள் அறிந்தது. உலகப் போர்க் காலத்தில் மதுவிலக்கு நிறுத்தப்பட்டது. 1948-ல் மாகாணம் முழுவதும் பரவியது. 1971-ல் தளர்த்தப்பட்டு 1974-ல் மீண்டு, 1981-ல் மறுபடியும் தளர்ந்தது. 1983-ல் மொத்த விற்பனைக்கென டாஸ்மாக் நிறுவனம் தோன்றிற்று. 2003-ல் சில்லறை விற்பனையையும் அதுவே ஏற்றுக்கொண்டது.

குடிப்பவனைப் பற்றியும் விற்பவனைப் பற்றியும் நம் மேடைகளில் பேசாத நாளில்லை. இவ்விருவருக்கும் நடுவே ஒருவன் இருக்கின்றான். அவன் சுமப்பவன். மக்கள் வழக்கில் மதுவுக்குச் 'சரக்கு' என்றே பெயர் நிலைத்துவிட்டது. எவரோ ஏற்றி, எவரோ இறக்கி, வழியில் நகர்ந்துகொண்டிருப்பதற்கு உரிய சொல் அது. குடிமகன் அறியாமலேயே சுமப்பவனை நினைவூட்டும் பெயரை அதற்குச் சூட்டிவிட்டான்!

ஆலையிலிருந்து கிடங்குக்கும், கிடங்கிலிருந்து கடைக்கும் செல்லும் ஒவ்வொரு பெட்டியும் கணக்குக்கு உட்பட்டது. எவ்வளவு, எங்கிருந்து எங்கே, எந்த வண்டியில், எத்தனை நாளுக்குள் என்பன தாளில் இருக்க வேண்டும். சீட்டில்லாத சரக்கு அகப்பட்டால் ஓட்டுநருக்குச் சிறையும், வண்டிக்குப் பறிமுதலும் நேரலாம். நம் அரசியல் சாசனம் மதுவின் உற்பத்தியையும் போக்குவரத்தையும் விற்பனையையும் மாநிலங்களின் பட்டியலில் வைத்திருப்பதால், ஒரு மாநிலத்தின் சீட்டு அடுத்த மாநிலத்தில் வெறுந்தாள். அரக்கோணத்தைத் தாண்டி வடக்கே போனால் சற்றுத் தொலைவில் ஆந்திர எல்லை. அங்கே வேறு விதி, வேறு தீர்வை. ஒரே புட்டி எல்லைக்கு இப்பால் வணிகப் பொருள், அப்பால் கடத்தல் பொருள்.

அரசு சுமப்பவனைத் தனியே எடுத்து எண்ணுவதற்குப் பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் பெருமானார் (ஸல்) அவர்கள் எண்ணிவிட்டார்கள். மதுவின் காரியத்தில் சாபத்துக்குரியோர் பதின்மர் என்று அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக வரும் செய்தி திர்மிதியில் பதிவாகியுள்ளது. பிழிபவன், பிழியச் சொன்னவன், குடிப்பவன், விற்பவன் ஆகியோரோடு, சுமந்து செல்பவனும், எவனிடம் சுமந்து செல்லப்படுகின்றதோ அவனும் அதில் தனித்தனியே குறிக்கப்படுகின்றனர். இதனை அறிவித்த அனஸ் (ரலி) அவர்களே, மது விலக்கப்பட்ட அன்று அபூதல்ஹா (ரலி) அவர்களின் இல்லத்தில் விருந்தினருக்கு ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த சிறுவர். தடை வந்துவிட்டது என்ற குரல் வீதியில் கேட்டதும், அவர்தாம் அதனை வெளியே கொண்டுபோய்க் கொட்டினார். மதீனத்துத் தெருக்களில் மது ஓடியது என்று அவரே பிற்காலத்தில் கூறினார்.

தோல் தொழிலோடு வாழும் நம் பகுதியினர்க்கு இன்னொரு நிகழ்ச்சி நெருக்கமானது. தடை வந்ததை அறியாத ஒருவர் தோற்பையில் மதுவைப் பெருமானாருக்கு அன்பளிப்பாகச் சுமந்து வந்தார். விவரம் சொல்லப்பட்டதும், அருகிலிருந்தவரிடம் அதனை விற்றுவிடுமாறு காதோடு கூறினார். குடிப்பதைத் தடுத்தவன் விற்பதையும் தடுத்துவிட்டான் என்று பெருமானார் (ஸல்) விளக்கவே, அவர் பையின் வாயைத் திறந்து உள்ளிருந்ததை முழுவதும் ஊற்றிவிட்டார். முஸ்லிம் நூலில் வரும் செய்தி இது. அவர் பையைக் கிழிக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். தோலின் மீது குற்றமில்லை.

நெமிலிக்கு அருகிலுள்ள சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த லாரி ஓட்டுநர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் மஃரிபுக்குப் பின் நம்மிடம் வந்தார். முப்பது வயதிருக்கலாம். தொழுகையாளி. அவருடைய முதலாளி கிடங்கிலிருந்து மதுக் கடைகளுக்குப் பெட்டி ஏற்றும் வாடகையை எடுத்திருந்தார்.

"ஹஜ்ரத், நான் தொட்டதில்லை, வித்ததில்லை. சர்க்கார் சீட்டோடதான் ஓட்டுறேன். என் கூலி ஹலாலா?" என்றார்.

இவ்வினாவுக்கு ஒற்றைச் சொல்லில் விடையளிப்பது எளிது. ஆனால் ஓதியவனுக்கு அது தகாது. முஸ்லிமல்லாத குடிமகன் ஒருவனுக்காக மதுவைச் சுமந்தவனின் கூலி ஆகுமானது என்று இமாம் அபூஹனீஃபா (ரஹ்) கூறியிருப்பதை ஹிதாயா ஓதிய ஒவ்வொருவரும் அறிவர். சுமத்தல் என்னும் செயலிலேயே பாவம் இல்லை. குடித்தல், தன் விருப்பத்தால் செயற்படும் மற்றொருவனின் வினை. கொட்டிவிடுவதற்கும் காடியாக்குவதற்கும்கூட ஒருவன் சுமக்கலாமன்றோ என்பது அவர்களின் வாதம். அவர்களின் மாணவர்களான அபூயூசுஃப், முஹம்மது (ரஹ்) இருவரும் அக்கூலியை வெறுத்தனர். பதின்மரைச் சபித்த ஹதீஸ் சுமப்பவனைப் பெயர் சொல்லியே குறித்துவிட்டதே என்பது அவர்கள் தரப்பு. கடற்கரை ஊர்களில் பெருவழக்கான ஷாஃபிஈ மத்ஹபிலோ, கொட்டுவதற்காக அன்றி மதுவைச் சுமக்கக் கூலிக்கு அமர்த்துவதே செல்லாது.

இவற்றையெல்லாம் அவருக்கு விளங்கும் வகையில் சொன்னோம். இமாமின் சொல்லை அவர் இறுகப் பிடித்துக்கொள்ள விரும்பியது முகத்தில் தெரிந்தது. "தம்பி, இமாம் சொன்னது இன்னாருக்கு என்று குறித்துச் சுமந்தவனைப் பற்றி. நீ இறக்கும் கடையில் பெயரும் மார்க்கமும் கேட்டா புட்டி கொடுக்கிறார்கள்? உன் தெருப் பிள்ளையும் அங்கே வரிசையில் நிற்கிறானே" என்றோம். அவர் தலை குனிந்துகொண்டார். இதுவரை பெற்ற கூலியைப் பற்றி அஞ்ச வேண்டாம், இமாமின் சொல் உனக்குத் துணை. இனி வருவதற்கு மாணவர்களின் சொல்லை எடுத்துக்கொள் என்று கூறினோம். அவர் எழுந்திருக்கவில்லை. "வேற லோடு யார் ஹஜ்ரத் தருவாங்க?" என்றார். இவ்வினாவுக்கு ஹிதாயாவில் விடை இல்லை. ஃபத்வா கொடுத்துவிட்டு மாற்றுத் தொழில் கொடுக்காத சமுதாயம், ஏழையின் தீனை அவன் வயிற்றோடு மோதவிடுகின்றது என்பது நம் நெடுநாளைய எண்ணம்.

இது ஓர் ஓட்டுநரோடு முடிவதாக இல்லை. 2020 மே 8 அன்று, நோய்த்தொற்றின் காரணமாக மதுக் கடைகளை மூடச் சொன்ன சென்னை உயர் நீதிமன்றம், இணையவழி விற்பனைக்குத் தடை விதிக்கவில்லை. அந்த ஆணையை ஒரு வாரத்தில் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. அதே ஆண்டில் மேற்கு வங்கமும் ஒடிசாவும் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்க வழி திறந்தன. இங்கும் அவ்வழி திறந்தால், முதுகில் பையோடு இருசக்கர வண்டியில் விரையும் நம் பிள்ளைகள் பலர் அதே வினாவோடு வந்து நிற்பர். 'எவனிடம் சுமந்து செல்லப்படுகின்றதோ அவன்' என்று ஹதீஸில் ஓதும்போது நம் மனக்கண்ணில் ஒரு வீட்டு வாசற்படியே தோன்றுகின்றது.

ஓட்டுநருக்காகத் தோல் தொழிற்சாலை வைத்திருக்கும் ஹாஜியார் ஒருவரை அணுகினோம். கூலி சற்றுக் குறைவுதான். எனினும் சேர்த்துக்கொண்டார். "சாராய லோடு ஓட்டினவன் சீட்டைச் சரியா வச்சிருப்பான்" என்று சிரித்தார். பிறகு தயங்கி, "நம்ம ஃபினிஷிங்குக்கு வர்ற ஸ்பிரிட் டிரம்மை அவன் ஏத்தலாமா ஹஜ்ரத்?" என்று கேட்டார்.

தோலுக்கு மெருகேற்றும் பிரிவில் பலவகைக் கரைப்பான்கள் புழங்குகின்றன. அவை போதைக்காகச் சுமக்கப்படுவன அல்ல. ஆகவே மேற்சொன்ன சட்டம் அவற்றுக்குப் பொருந்தாது. ஆனால் குடிக்கத் தகாதபடி கெடுக்கப்பட்ட ஸ்பிரிட்டுக்கும் மெத்தில் ஆல்கஹாலுக்கும் மெருகெண்ணெய்க்கும் 1959 முதலே தனி விதிகள் உண்டு. காரணம் இல்லாமல் இல்லை. மெத்தனால் உடலுக்குள் சென்றதும் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்குகின்றது. பார்வையைப் பறித்து உயிரையும் பறிக்கின்றது. 2023 மே மாதத்தில் மரக்காணம், சித்தாமூர் பகுதிகளில் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அத்துயரம் தொடங்கி, 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. தொழிற்சாலைக்குரிய நஞ்சு வழிமாறிக் கூலித் தொழிலாளியின் குவளைக்குள் புகுந்ததே இரண்டிலும் நடந்தது. அதன்பின் 1937 ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்பட்டு, உயிரிழப்புக்குக் காரணமான கள்ளச்சாராயக் குற்றத்துக்கு ஆயுள் சிறையும் 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கப்பட்டன.

ஆகவே ஹாஜியாரிடம் இவ்வாறு கூறினோம்: மதுப் பெட்டிக்கு அரசு தரும் சீட்டு வண்டியைக் காக்கும், கூலியைத் தூய்மையாக்காது. உங்கள் டிரம்முக்குரிய சீட்டோ அமானிதம். ஏற்றிய அளவும் இறக்கிய அளவும் ஒன்றாயிருப்பது, எவரோ ஒருவருடைய உயிருக்கு நீங்கள் தரும் ஜாமீன். காலி டிரம்மின் அடியில் தங்கியதும் அக்கணக்கில் சேரும்.

அவர் அன்று மாலையே பேரேட்டைக் கொண்டுவரச் செய்தார். வந்த டிரம்கள், திரும்பிய டிரம்கள் என்று கணக்குப்பிள்ளை ஒவ்வொன்றாகப் படித்தார். இரண்டு டிரம்கள் குறைந்தன. பழைய இரும்புக்குப் போட்டிருப்போம் என்றார் கணக்குப்பிள்ளை. யாரிடம், எந்த நாளில் என்று ஹாஜியார் கேட்டார். அது எழுதப்பட்டிருக்கவில்லை.